கன்னத்தில் வைத்த சங்கு

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் இஸ்திரிக்காரர். சொகுசு விடுதிக்கு வந்துபோகும் பயணிகளுக்கு மட்டும் அவர் 'கடலின் மூத்த மகன்'. மூத்த மகனுக்கு நீச்சல் தெரியாது. படகில் கால் வைத்தால் குமட்டும். உப்புக்காற்றில் இஸ்திரிப் பெட்டி சீக்கிரம் துருப்பிடித்துவிடுகிறதே என்ற மனத்தாங்கலைத் தவிர அவருக்கும் கடலுக்கும் இடையே வாழ்நாள் முழுக்க வேறு கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அப்படிப்பட்டவர் எப்படிக் கடலுக்குப் பிள்ளையானார் என்றால், விடுதி வந்ததுதான் காரணம்.

விடுதி வந்தபோது தெருமுனையில் ஒரு பெரிய தட்டி வைத்தார்கள். 'மனிதக் கால் படாத பவளக்கரை' என்று எழுதியிருந்தது. குழி தோண்டி அந்தத் தட்டியை நட்டவர்கள் எங்கள் தெரு ஆட்கள். தாங்கள் பிறந்து நடந்து விழுந்து எழுந்த கரையில் தங்கள் கால் பட்டதே இல்லை என்ற செய்தியைத் தாங்களே தூக்கி நிறுத்தி, சாயாமல் கல் வைத்து இறுக்கிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வந்தார்கள். தட்டியில் இருந்த பவளப்பாறைப் படம் வேறு ஏதோ ஒரு கடலில் எடுத்தது. எங்கள் பாறையும் அழகில் குறைந்ததில்லை. அலை அடங்கிய நேரத்தில் கரையில் நின்று பார்த்தாலே ஊதாவும் மஞ்சளும் தெரியும். விடுதியின் கழிவுக் குழாய் திறக்கும் பக்கத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. படம் எடுப்பவர்களை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போவதில்லை.

விடுதிக்கு ஒரு 'பாரம்பரிய மீனவர்' தேவைப்பட்டார். பாறைக்கு உள்ளே மீன்பிடிக்கத் தடை வந்துவிட்டது. ஆனால் மீன்பிடிக்கிற மாதிரி ஒருவர் வலையோடு நிற்பது பயணிகளுக்குப் பிடிக்கும் என்று மேலாளருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தெருவில் இருந்த மீனவர்கள் ஒருவர் விடாமல் வேலை கேட்டுப் போனார்கள். இஸ்திரிக்காரரின் மனைவிக்குத் தம்பி, சொந்தப் படகு வைத்திருக்கிறவன், முதல் ஆளாகப் போனான். கால்பந்துச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காதில் பாட்டுக் கேட்கும் கம்பி.

மேலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மீனவர் மாதிரியே இல்லையே தம்பி."

"நான் மீனவன்தான் சார்."

"அது சரி. மாதிரி இல்லையே."

அதே நேரத்தில் விடுதிச் சிப்பந்திகளின் சீருடைகளை இஸ்திரி போட்டு மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு இஸ்திரிக்காரர் உள்ளே வந்தார். நாளெல்லாம் மேசை மேல் குனிந்து நின்றதில் வளைந்துபோன முதுகு, வெளுத்த தாடி, கரிப்புகைக்குப் பயந்து எப்போதும் பாதி மூடியிருக்கும் கண்கள். மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தக் கண்ணைப் பாருங்க! தொடுவானத்தைப் பாத்துப் பாத்தே சுருங்கின கண்ணு!"

இவருக்கு மச்சானான அந்தத் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தொடுவானம் இல்ல சார். அடுப்புக்கரி."

வேலை இவருக்குக் கிடைத்தது. இடுப்பில் ஒரு துணி, வெற்று மார்பு, தோளில் வலை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று வலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வீசக்கூடாது, வீசினால் மீன் மாட்டிக்கொள்ளும். மச்சான் தினமும் கேட்பான்: "இன்னிக்கு எத்தனை மீனைப் பிடிக்காம விட்டீங்க மச்சான்?"

சங்கு வந்தது பிறகு. பயணிகளைப் பவளம் பார்க்கக் கூட்டிப்போவதற்கு முன் தண்ணீருக்குள் அணியும் கண்ணாடிகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவர வேண்டும். விடுதியில் கண்ணாடிகள் குறைவு. முந்தைய கூட்டம் கழற்றினால்தான் அடுத்த கூட்டத்துக்கு. இடையில் பயணிகள் வெயிலில் நின்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு இவரிடம் வந்தார்.

"பெரியவரே, ஏதாவது பண்ணுங்க."

"என்ன சார் பண்றது?"

"என்னவோ பண்ணுங்க. சும்மா நிக்காதீங்க."

ஒப்பனைக்காக இவர் கையில் ஒரு பெரிய சங்கைக் கொடுத்திருந்தார்கள். கடைவீதியில் வாங்கியது, அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு பாதி கிழிந்து அப்படியே இருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துப் பதறிப்போன மனிதர், கை பழகிய ஒரே காரியத்தைச் செய்தார். இஸ்திரி போடுகிறவர்கள் பெட்டி காய்ந்து சூடேறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கன்னத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிப் பார்ப்பார்கள். அதே போலச் சங்கைத் தூக்கிக் கன்னத்தருகே பிடித்துக் கண்ணை மூடினார். ஆயுசெல்லாம் செய்தது, கை தானாகப் போய்விட்டது. பெட்டி இல்லை, சங்கு என்று உறைத்ததும் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினார்.

ஒரு பயணி அம்மாள் மெல்லிய குரலில் கேட்டாள்: "அவர் என்ன பண்றார்?"

மேலாளர் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியில் ஆயிரம் வருடப் பாரம்பரியம் பிறந்துவிட்டது. "பவளத்துக்கிட்ட அனுமதி கேக்கறார் மேடம். அது சரின்னு சொன்னாத்தான் நாம இறங்கலாம். இவங்க வம்சத்துல ஆயிரம் வருஷமா இருக்கற பழக்கம்."

"என்ன சொல்லிச்சாம்?"

"தலையாட்டினாரே, பாக்கலையா?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிகளும் அதற்குள் கழுவி வந்துவிட்டன.

அன்றிலிருந்து நாள் தவறாமல் பவளம் அனுமதி கொடுத்தது. மழையானாலும் கொடுத்தது, தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாத நாளிலும் கொடுத்தது. விடுதியின் வண்ணத்தாளில் 'பவளத்தின் அனுமதி' என்று தனிப் பக்கமே வந்தது. கீழே பொடி எழுத்தில், பவளம் அனுமதி மறுக்கும் பட்சத்தில் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்றும் போட்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கி, தலையாட்டுவதில் உள்ள சூட்சுமங்களைக் குறித்துக்கொண்டு போனார்.

பவளம் என்பது ஒரு சின்னஞ்சிறு பிராணி. கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தனக்குத் தானே சுண்ணாம்பில் வீடு கட்டி வாழ்கிறது. அதற்கு வாய் உண்டு, தின்பதற்கு. காது கிடையாது. தண்ணீர் சூடேறினாலும் சாக்கடை கலந்தாலும் வெளுத்துச் செத்துப்போகும். இதையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படிக்கலாம். அது பேசக் கற்றுக்கொண்டால் முதல் பேச்சு அந்தக் குழாயைப் பற்றித்தான் இருக்கும். வருக வருக என்று இருக்காது. ஆனால் படித்தவர்கள்தான் சங்கைப் பார்த்து அதிகம் கண்கலங்கினார்கள். கட்டணம் கட்டிவிட்டு வந்து பார்ப்பது எதுவாக இருந்தாலும் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற வர்க்கம் அது.

இதுவரை எல்லாம் சிரிப்புத்தான். வினை பாதையில் வந்தது.

எங்கள் தெருவிலிருந்து கடலுக்கு ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. விடுதியின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போகிறது. படகுகள் அந்தப் பக்கம். வீடுகளும் சந்தையும் இந்தப் பக்கம். பாறைக்கு வெளியே போய் மீன் பிடித்துவருகிறவர்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதன் வழியாகத்தான் வருவார்கள். அதை மூடிவிட்டால் விடுதியின் நீண்ட மதிலைச் சுற்றி நெடுஞ்சாலை வழியாக வர வேண்டும். பனிக்கட்டி கரைந்து மீன் கெட்டுப்போகும். வாங்க ஆள் இருக்காது. விடுதி முதலாளிக்கு அந்தப் பாதை கண்ணில் விழுந்த தூசி. தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், வக்கீல் வைத்தார்கள். அலுவலகங்களில் எல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில் விதவிதமான நாற்காலிகளிலிருந்து வந்தது. அதற்குள் பாதையின் குறுக்கே மதில் கட்டக் கல் வந்து இறங்கிவிட்டது.

முதலாளி நகரத்தில் இருக்கிறவர். பல தொழில், விரல்களைவிட மோதிரங்கள் அதிகம். நாள் பார்க்காமல் நகம் வெட்டாத மனிதர். தன் விடுதி வண்ணத்தாளைத் தானே படித்துவிட்டு, மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தார். "இவ்வளவு சக்தியுள்ள விஷயத்தை என்கிட்ட ஏன்யா சொல்லல? மதில் கட்டலாமான்னு பவளத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். நான் நேர்ல வர்றேன்."

அது கண்ணாடி கழுவுகிற இடைவெளிக்காகத் தான் அவிழ்த்துவிட்ட கதை என்று சொல்ல மேலாளருக்கு நாக்கு எழவில்லை. ஆயிரம் வருடம் என்று அச்சில் வேறு போட்டாகிவிட்டது. நேரே இவரிடம் வந்தார்.

"பெரியவரே, பவளம் சரின்னு சொல்லட்டும். உங்க வேலையை நிரந்தரமாக்கிடறேன். உள்ளயே வீடு."

இவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி மேசையில் ஒரு காலரை மடக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர் வேடம் போடப் போனபிறகு இஸ்திரிக் கடையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். தம்பி வாசல் படியில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், வேணாம்னு சொல்லிடுங்க. அவ்ளோதான். கோர்ட்டு, கச்சேரி ஒண்ணும் வேணாம். சங்கு சொன்னாக் கேப்பான்."

"பொய்யில்லையாடா?"

"இத்தனை நாள் மட்டும் அரிச்சந்திரன் வேலையா பாத்தீங்க?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "டேய், நீ சும்மா இரு. என்னங்க, நான் ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு உங்க சங்கு வேணாம்னு சொன்னா அவன் கேப்பான். நாளைக்கு அதே சங்கு வேற எதையாவது சொல்லிச்சுன்னு இன்னொருத்தன் சொன்னா?"

"அக்கா, நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். கல்லு இன்னிக்கு இறங்கியிருக்கு."

"அதுவும் சரிதான்," என்று அவள் மறுபடி காலரைத் தேய்க்கத் தொடங்கினாள். ஆனால் அன்று முழுக்க அவள் முகம் சரியில்லை.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு மணலில் வந்து நின்றார். மேலாளர் பின்னால். இவர் முழங்கால் தண்ணீரில்.

"மதில் கட்டலாமா, கேளுங்க பெரியவரே."

இவர் சங்கைக் கன்னத்தருகே வைத்தார். எந்தக் கூடான பொருளை வைத்தாலும் கேட்கிற அதே இரைச்சல். வீட்டில் சொம்பை வைத்தாலும் கேட்கும். மேலாளர் கனைத்தார். மச்சானின் படகு தூரத்தில் பாறையைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம்," என்றார் இவர். "பாதையை மூடக்கூடாது."

முதலாளி முகம் வெளிறியது. மேலாளர் முகம் அதைவிட. பிறகு முதலாளி தண்ணீருக்குள்ளேயே இறங்கி அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. எனக்கு நெஞ்சுல அடைப்பு. டாக்டருங்க அறுக்கணும்ங்கறாங்க. நான்தான் கிரகம் சரியில்லன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வர்றேன்..."

"நாளைக்கே போங்க!" என்றார் இவர்.

"சங்கை வைக்காமலே சொல்றீங்களே?"

இவர் சங்கைக் கன்னத்தருகே வைத்து உடனே எடுத்தார். "இதுவும் அதையேதான் சொல்லுது. நாளைக்கே போங்க."

போனார். பிழைத்தார். நெஞ்சைத் திறந்து மூடும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகத் தப்பும் தவறுமாகக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போன மருத்துவர்கள், கண்விழித்துப் பார்த்த செவிலியர்கள், முகம் தெரியாமல் ரத்தம் கொடுத்தவர்கள், எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு பழக்கூடை போனது. சங்குக்குப் பளிங்கு மண்டபம் வந்தது.

மதிலுக்கு இறங்கிய கல் திரும்பிப் போயிற்று. தெருவே இவரைத் தோளில் தூக்காத குறை. மனுவும் ஊர்வலமும் வக்கீலும் செய்யாததைச் சங்கு செய்துவிட்டதே என்று பேசிப் பேசி, கடைசியில் தெருக்காரர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். கடைவீதியிலிருந்து அந்தச் சங்கை வாங்கிவந்தவர் யாரென்று தெரிந்தவர்கள்கூட இவர் வீட்டு வாசலில் வந்து நின்று, "பொண்ணுக்கு எப்ப அமையும்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்கள். மனைவி ஒவ்வொருவரையும் விரட்டி விரட்டிக் களைத்துப்போனாள். "மடிச்சு வச்ச துணிய எடுத்துக்கிட்டுப் போங்க. இங்க அது ஒண்ணுதான் கிடைக்கும்."

மண்டபம் எங்கே எழும்பியது தெரியுமா? பாதையின் நடுவில். பவளம் காப்பாற்றச் சொன்ன பாதை அல்லவா, அது புனிதமாயிற்றே! இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் வேலி, தெருப்பக்கம் ஒரு கதவு, கதவுக்கு ஒரு காவலாளி. உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சங்கு. திறந்த மறுநாள் காலையில் மீன்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த மச்சானைக் காவலாளி நிறுத்தினான். அவனும் எங்கள் தெருக்காரன்தான்.

"மீன் எடுத்துக்கிட்டு இந்த வழியாப் போகக்கூடாது."

"டேய், நேத்து வரைக்கும் நீயும் இதே பெட்டியைத் தூக்கினவன்தானேடா?"

"அது நேத்து. வாடை அடிக்குது. பவளத்துக்கு ஆகாதாம்."

"பவளம் கடலுக்குள்ளதானடா இருக்கு? மீனோடதானே இருக்கு?"

காவலாளி தலையைச் சொறிந்தான். "எனக்கென்ன தெரியும்? சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். சுத்திக்கிட்டுப் போ."

மச்சான் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வந்து, தண்ணீர் சொட்டும் பெட்டியை இஸ்திரிக்காரர் வீட்டு வாசலில் டங்கென்று இறக்கினான். மீனின் கண்கள் குழிவிழுந்துபோயிருந்தன. வழக்கமான கிண்டல் அன்று அவன் வாயில் வரவில்லை. "மதில்னாலும் மச்சான், ஒரு நாளைக்கு இடிச்சிருக்கலாம்," என்றான். "இதை எப்படி இடிக்கறது? நம்ம ஆளுங்களே கையை உடைப்பாங்க."

மனைவி பெட்டியை நிழலுக்கு இழுத்து வைத்தாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இவர் மேலாளரிடம் போனார். "சார், உண்மையைச் சொல்லிடுவோம்."

"உண்மை எனக்குத் தெரியாதா பெரியவரே? அதைக் கட்டிவிட்டவனே நான்தானே. இப்ப வெளிய சொன்னா என் வேலை போகும், மண்டபம் போகாது."

பயணிகளிடம் சொன்னார். "நான் மீனவன் இல்லைங்க. இஸ்திரி போடறவன். சங்கு பேசாது." அவர்கள் கைதட்டினார்கள். எவ்வளவு பணிவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு படம் எடுத்தார்கள். உடம்பு தேறி மண்டபத்தைப் பார்க்க வந்த முதலாளியிடமும் சொன்னார். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, சங்கைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த பாதி விலைச்சீட்டை விரலால் காட்டினார். "இதோ பாருங்க முதலாளி. கடைவீதில வாங்கினது. உங்களைப் பொழைக்க வச்சது டாக்டருங்க. நான் அன்னிக்குச் சொன்னது என் புத்தில பட்டது. பாதையை விட்டுடுங்க."

முதலாளி இரண்டு கைகளையும் கூப்பினார். "பேரையே வேணாங்கறீங்களே! பவளம் உங்களை எவ்வளவு உசத்தில வச்சிருக்கு!" என்றவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "இவர் என்ன செஞ்சாலும் யாரும் குறுக்க நிக்கக்கூடாது. புரியுதா?"

மேலாளருக்குப் புரிந்தது. இவருக்கும் புரிந்தது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் அவர் வேடத்துக்குக் கொடுத்த இடுப்புத் துணியை விடுதி வாசலில் மடித்து வைத்துவிட்டு, தேய்த்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். மனைவி மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள், மச்சான் மறுபக்கத்தை. இவர் கையில் இஸ்திரிப் பெட்டியும் கரிமூட்டையும். நேரே பாதைக் கதவுக்குப் போனார்கள். கதவைத் திறந்து, அது சாத்த முடியாதபடி, மேசையின் இரண்டு கால் உள்ளே இரண்டு கால் வெளியே இருக்கும்படி நிலையில் போட்டார்கள். பக்கத்தில் ஓர் ஆள் மீன்பெட்டியோடு போகிற அளவுக்கு இடம்.

காவலாளி ஓடி வந்தான். "ஐயா, இங்க போடக்கூடாது..."

"என்னைத் தொட்டுத் தூக்குறியா?"

அவன் பின்வாங்கினான். முந்தின வாரம்தான் அவன் தன் தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சங்கிடம் கேட்கச் சொல்லியிருந்தான். மேலாளர் வந்து பார்த்தார், முதலாளிக்குத் தொலைபேசினார், மறுமுனையில் விழுந்ததை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

"ம்ம், கிளம்பு," என்றாள் அக்கா. தம்பி படகுக்குப் போய்ப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். பளிங்கின் மேல் மீன் தண்ணீர் நீளமாகச் சொட்டிக்கொண்டு வந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெட்டிகள். மேசையை உரசிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியாக வந்தவன் மட்டும் பழக்கதோஷத்தில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போய், தலையில் பெட்டி ஆட, கையை இறக்கிக்கொண்டான்.

அன்று முதல் அவர் கடை அங்கேதான். யார் கேட்டாலும் ஒளிவுமறைவில்லை: அது கடைச் சங்கு, நான் இஸ்திரி போடறவன், பாதை எங்க தெருவோடது. நம்பாதவர்கள் நம்பாமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முதலாளி எத்தனை நாள் பொறுப்பார் என்று தெரியாது. வக்கீல் மறுபடி மனு போட்டிருக்கிறார்; இந்த முறை கழிவுக் குழாயையும் சேர்த்து.

முதல் நாளே ஒரு பயணிக் கூட்டம் மண்டபத்தைப் பார்க்க வந்தது. இவர் கரியை விசிறிக் கனலாக்கி, பெட்டியை மூடி, தூக்கிக் கன்னத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

"என்ன சொல்லுது?" என்று ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"காஞ்சிருச்சுன்னு சொல்லுது," என்றார் இஸ்திரிக்காரர். "கசங்கின சட்டை இருந்தாக் குடுங்க."